நடுவில் ஒரு மெழுகுவத்தி



இந்த இதழ் அச்சுக்குப் போவதற்குச் சற்று முன், ஒரு மாலை, மாவும் கையுமாக அடுப்படியில் நின்றேன். உக்ரைன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் ‘கொலாச்’ ரொட்டிக்காக. ‘கோலோ’ என்றால் வட்டம். பெயர் அதிலிருந்து வந்தது. மாவைச் சடைபோலப் பின்னி, வளையமாக்கிச் சுடுவார்கள். மூன்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுக்குழியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மூன்றும் பரிசுத்த திரித்துவத்தைக் குறிக்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் அங்கே சாப்பாடு. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். கோதுமை, தேன், கசகசா சேர்ந்த ‘குத்யா’ தொடங்கி 12 பதார்த்தங்கள்; இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஆனால் கொலாச்சில் முட்டையும் வெண்ணெயும் உண்டே! அதனால் பல வீடுகளில் அன்றிரவு அதைத் தொடுவதில்லை, மறுநாள்தான் வெட்டுகிறார்கள். இரவு முழுக்கக் கண்ணெதிரே மணக்கும் ரொட்டிக்காகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வளையத்துக்கு 500 கிராம் மைதா, 7 கிராம் ஈஸ்ட், 200 மில்லி வெதுவெதுப்பான பால், 2 முட்டை, சர்க்கரையும் வெண்ணெயும் 75 கிராம் வீதம், ஒரு டீஸ்பூன் உப்பு. பத்து நிமிடமாவது அடித்துப் பிசையுங்கள். இரு மடங்காக உப்பியதும் மூன்று புரியாகத் திரித்துப் பின்னலாம். பின்னலை இறுக்காதீர்கள். முதல் தடவை நான் இறுக்கிப் பின்னியதில் பக்கவாட்டில் வெடித்து, நடுக்குழியும் மூடிப்போனது. வெண்ணெய் தடவிய சிறு தகர டின்னை நடுவில் நிறுத்தினால் குழி நிற்கும். மீண்டும் உப்பவிட்டு, மேலே முட்டை பூசி, 180 டிகிரியில் சுமார் 35 நிமிடம்.

அந்தச் சாப்பாட்டு மேசையில், இறந்துபோனவர்களுக்கும் ஒரு தட்டு வைக்கும் வழக்கம் உண்டு. கோதுமை கொழிக்கும் அந்த மண்ணில்தான் 1932-33இல் சோவியத் அரசு தானியத்தைப் பறித்துச் சென்றதால் பல லட்சம் பேர் பட்டினியால் மடிந்தார்கள். 2022இல் முழுப்போர் மூண்டது. 2023இல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டார்கள். தேதி மாறினாலும் அந்தத் தட்டு இருக்கிறது, ரொட்டியின் நடுவே சுடரும் இருக்கிறது.

நீங்களும் சுட்டுப் பாருங்கள். நடுக்குழி மூடாமல் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்