காற்று மேல் பழி போடாதீர்கள்

'மலையேறினால் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும், காற்று மெலிசு' என்கிறார் நண்பர். பாதி உண்மை. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்தான். ஆனால் என் பழைய டீசல் கார் மூச்சு வாங்கியது கல்லாறு தாண்டிய முதல் கொண்டை ஊசி வளைவில். அடிவாரத்தில் என்ன காற்றுப் பஞ்சம்?

எஞ்சினை இறக்கிப் பிரிக்கச் சொன்னவரும் இவரே. அதற்கு முன் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்திருக்கலாமே! முள் எகிறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முள்ளே ஏற மறுத்தால் டீசலோ காற்றோ போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. என் வண்டியில் முள் அசையவில்லை. டீசல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தார் மெக்கானிக்: கறுப்புச் சகதி, அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர். சமதரையில் 60-ல் உருட்ட கொஞ்சம் டீசலே போதும். ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் அடைப்பு பல்லிளிக்கும்.

புது ஃபில்டர் போட்டு, கை பம்பை அமுக்கிக் காற்றெடுத்து, அதே வளைவில் இரண்டாம் கியரில் ஏறினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனைத் தொடவில்லை.