இறுகிப்போன போல்ட்டும் அவசரத் தீயும்



இவ்வாரம் நான் உங்களோடு பேச விரும்புவது ஒரு பழைய அம்பாசிடர் காரைப் பற்றி. போதகருக்கும் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நம் சபையில் மூப்பராயிருந்து மறைந்த ஒருவரின் வண்டி அது. விருதுநகரில் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் 11 ஆண்டுகள் அசையாமல் நின்றது. பேத்தியின் திருமணத்துக்குப் பெண்ணை அதிலேயே ஆலயத்துக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான இந்த வண்டிக்குப் பின்புறம் லாரிகளைப் போலவே ஸ்பிரிங் பட்டைதான். அந்தப் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டு கழலவில்லை.

நம்முடையது வறண்ட பூமிதானே, துரு எங்கிருந்து வந்தது என்பீர்கள். ஐப்பசி மழையின் ஈரத்தை உதிர்ந்த வேப்பஞ்சருகு பிடித்து வைத்துக்கொள்கிறது. துருவோ தான் தின்ற இரும்பைவிட இருமடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். போல்ட்டுக்கும் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியே உண்டு. அதைத் துரு நிரப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தாலும், சுற்றியுள்ள ரப்பர் அந்த அடியை விழுங்கிவிடும்.

நான் போனபோது கேஸ் கட்டிங் டார்ச்சைப் பற்றவைக்க ஆயத்தமாயிருந்தார்கள். டார்ச்சை ஏந்தியிருந்தவன் நம் சபைப் பிள்ளை. முன்பு சிவகாசியில் பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். வண்டியின் பெட்ரோல் டாங்கி டிக்கிக்குக் கீழே இருப்பதைக் காட்டினேன்.

"அது காலியாத்தான் இருக்கு ஐயா," என்றான்.

காலி டாங்கியே அதிக அபாயம். நிறைந்த டாங்கியில் பெட்ரோல் இருக்கும். காலி டாங்கியில் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். வெடிப்பது அந்தக் கலவைதான். இது அவனுக்குத் தெரியாததல்ல. மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது, ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது, உராய்வே முதல் எதிரி என்று படித்து வளர்ந்த கைகள் அவை. பிறகு ஏன் டார்ச்சை எடுத்தான்? வண்டி மாலைக்குள் வேண்டும் என்று வீட்டார் இரண்டுமுறை தொலைபேசியில் கேட்டிருந்தார்கள்.

என் குறை அந்த இளைஞன்மேல் அல்ல, அவசரப்படுத்துகிற நம்மேல்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் பகுதி மறந்துவிடவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க வேலையின் வேகம் எப்படிக் கூடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். சரக்கு கேட்பவன் வேறு, அறைக்குள் இருப்பவன் வேறு. பட்டறையிலும் அதே கணக்குத்தான்.

தீ வைத்தால் வண்டிக்கும் நன்மையில்லை. பட்டை சிவக்கக் காய்ந்தால் அதன் பதம் போய்விடும். பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் அது ஒடியலாம். மணப்பெண்ணை ஏற்றிச்செல்லவிருக்கும் வண்டி என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

செய்யவேண்டியது வேறு. வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ காலையும் மாலையும் விடவேண்டும். (எண்ணெய் விட்டபின் தீயை நினைக்கவே கூடாது.) ஸ்பானரை முதலில் கழற்றும் பக்கமல்ல, முறுக்கும் பக்கம் இம்மியளவு தள்ளி, பின் எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்குத் தனியாக ஜாக்கி கொடுத்து, பட்டையின் இழுவிசையைத் தளர்த்தியபின் தொடவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பவர்களை நான் கோபித்துக்கொள்வதுண்டு. இதில் எனக்குப் பொறுமை கிடையாது.

அப்படியும் அசையாவிட்டால், பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ரம்பத் தகட்டை நுழைத்துப் போல்ட்டை அறுத்துவிடலாம். போல்ட்டு கடையில் கிடைக்கும். சேசிஸோடு ஒட்டிய பிராக்கெட் அப்படிக் கிடைக்காது.

அந்த அம்மாவிடம் நானே போய், இன்னும் பத்து நாள் ஆகும், கூலியும் அதற்கேற்பக் கூடும் என்று சொன்னேன். "கல்யாணம் தை மாசந்தானே ஐயா, யாரு அந்தப் பையனை அவசரப்படுத்துனது?" என்று கேட்டார். மகன் தலைகுனிந்து நின்றார்.

ஒருபக்கத்துப் போல்ட்டு எட்டாம் நாள் இளகிற்று. மற்றதை அறுக்கவேண்டியதாயிற்று, இரண்டு மணிநேரம், நான்கு தகடுகள். புதியவற்றுக்குக் கிரீஸ் தடவி மாட்டியாயிற்று. வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்றபிறகே அவற்றை இறுதியாக முறுக்கவேண்டும், இல்லையேல் ரப்பர் திருகிக் கிழிந்துவிடும் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அதற்கு டயர் வரவேண்டும். சனிக்கிழமை வருமாம்.