பச்சைப் போர்வை மட்டும் மீட்சியாகாது

நிலத்தைத் தோண்டிக் கனியம் எடுப்போர், வேலை முடிந்ததும் அந்நிலத்தைப் புனரமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெறுவோர் அதற்கு உத்தரவாதமாகப் பணம் வைப்பிலிட வேண்டியுள்ளது. ஆனால் நிலம் மீண்டுவிட்டது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது? இக்கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

கண்டி மக்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வியன்று. திகன பிரதேசத்தில் அகழப்படும் டொலமைட் தேயிலைத் தோட்டங்களின் மண்ணுக்கு உரமாகச் செல்கின்றது. 2020 ஆகஸ்ட் முதல் அப்பகுதியில் சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டபோது மக்களின் சந்தேகம் சுண்ணக்கல் அகழ்வின் மீதும் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் கண்டி மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. அவ்வழிவுக்குக் கல்லகழ்வே காரணம் என நாம் கூற வரவில்லை. எனினும், வேர் பிடிக்காத சரிவுக்குக் கீழே வாழ்வோருக்கு மழை எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை இனி எவரும் விளக்க வேண்டியதில்லை.

பசுமையாகத் தோன்றுவதெல்லாம் மீட்சியல்ல என்பதற்கு ஹந்தானையே சாட்சி. மகாவலியின் மேல் நீரேந்துப் பகுதிகளில் 1970களிலும் 1980களிலும் பைனஸ் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் மலை பச்சைதான். ஆனால் மரங்களின் அடியில் கீழ்நிலைத் தாவரங்கள் அருகியே காணப்படுகின்றன; உதிர்ந்த ஊசியிலைகள் வரட்சிக் காலத்தில் தீக்கு இரையாகின்றன. நட்ட மரங்களை மட்டும் எண்ணியிருந்தால் அத்திட்டம் முழு வெற்றி என்றே ஏட்டில் பதிவாகியிருக்கும்.

கல்லெடுத்த நிலத்தின் நிலை இதனிலும் கடினமானது. மேல்மண் போய்விடுகின்றது. டொலமைட் கலந்த மண் கார இயல்புடையதாதலால் அதிலுள்ள இரும்பும் பொசுபரசும் செடிகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை. நட்ட கன்று முதலாண்டு தளிர்த்து, மூன்றாம் ஆண்டு பட்டுப்போகலாம். ஆகவே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் திறப்பு விழாப் புகைப்படமும் அளவுகோல்களாக முடியாது. எத்தனை கன்றுகள் பிழைத்தன, நிலத்தில் எத்தனை வீதம் தாவரங்களால் மூடப்பட்டுள்ளது, நடாத இனங்கள் தாமாக முளைக்கின்றனவா, மண்ணின் சேதனப் பொருள் அதிகரிக்கின்றதா, மழைநீரோடு மண் அரித்துச் செல்வது குறைகின்றதா, பறவைகளும் எறும்புகளும் திரும்பினவா என்பனவே அளக்கப்பட வேண்டியவை. அருகேயுள்ள சிதையாத காட்டுத் துண்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்து, ஆண்டுதோறும் இவற்றை அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1977 ஆம் ஆண்டின் சட்டம், மழைவளமுள்ள பகுதிகளில் 5 ஆண்டுகளும் வரண்ட பகுதிகளில் 10 ஆண்டுகளும் நிறுவனங்களைப் பொறுப்பில் வைத்திருக்கின்றது. தாவரப் போர்வை நிர்ணயித்த அளவில் 90 வீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. நமக்கும் அறிவு இல்லாமலில்லை. பைனஸ் நிழலில் உள்நாட்டு மரங்களை வளர்த்தெடுக்கலாம் என்பதை, 1990களின் தொடக்கத்திலிருந்து சிங்கராஜாவில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து ஆய்வினால் காட்டியுள்ளனர். வாசலிலேயே இருக்கும் அவ்வறிவைப் பயன்படுத்தும் விருப்பமே வேண்டும்.

புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் ஒன்றிணைந்து, வைப்புப் பணத்தை விடுவிக்கும் முன் குறைந்தது 5 ஆண்டு அளவீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அளப்பவர் அகழ்ந்தவரிடம் கூலி பெறாதவராக இருத்தல் அவசியம். முடிவுகள் பிரதேச செயலகங்களில் சிங்களத்திலும் தமிழிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அவற்றைக் கோரும் உரிமை மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு உண்டு. அவ்வுரிமையை அவர்கள் பயன்படுத்த வேண்டும்.

மலையிலிருந்து கல் போனால் திரும்பாது. மண்ணையாவது தக்கவைக்க வேண்டுமாயின், கண்ணால் பார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை நாம் கைவிட்டே ஆகவேண்டும்.