ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் என்ன ஆகும்?

போன மாதம் ஒரு ராத்திரி, பாட்டிக்குத் திடீரென மயக்கம். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். டிரைவர் கேட்டதும் கட்டிலருகில் நின்றபடியே லொகேஷனை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சைரன் சத்தம் கேட்டது. ஆனால், பின் தெருவில்! நடுவில் இருப்பது ஒரு மதில்சுவர்தான். ஒருவழிப்பாதையில் வண்டி சுற்றி வருவதற்குள் எங்களுக்கு உயிரே போய்விட்டது. பாட்டி இப்போது நலம். ஆனால், அந்தப் புள்ளி ஏன் தள்ளி விழுந்தது?

சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னலாவது கிடைத்தால்தான் போன் நம் இடத்தைச் சரியாகக் கணக்கிடும். திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் வரை பிசகலாம். 2000-ம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. அப்போது 100 மீட்டர் வரைகூடப் பிசகும்!

சாலையில் போக இந்த 5 மீட்டர் தாராளம். நாம் போகும் திசையையும் வேகத்தையும் பார்த்து, பக்கத்தில் இருக்கும் சாலைமீது ஆப்பே நம்மைப் பொருத்திவிடும். மேம்பாலமும் அதன் கீழே சர்வீஸ் ரோடும் இருக்கும் இடத்தில்தான் அது திணறும். காரணம், உயரத்தைக் கணிப்பதில் பிசகு இன்னும் அதிகம்.

வீட்டுக்குள் கதையே வேறு. கூரையும் சுவரும் சிக்னலைத் தடுக்கும். பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாக வருவதால், தூரக் கணக்கும் தப்பும். பிசகு 20, 30 மீட்டர் ஆனால் போதும்... புள்ளி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

அதனால், அவசரத்தில் இதை மறக்காதீர்கள். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிகிறதா? வட்டம் பெரிதாக இருந்தால், போனுக்கே சந்தேகம் என்று அர்த்தம். வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ வந்து, வட்டம் சுருங்கிய பிறகு அனுப்புங்கள். கூடவே தெருப்பெயர், கதவு எண், ஓர் அடையாளம். முடிந்தால் ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும்.

வீடு திரும்பியதும் பாட்டி கேட்டார்: ``பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு, பச்சை கேட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பானேடா?''

பதில் சொல்ல முடியவில்லை!