டிரைவரின் தூக்கம் யார் கணக்கில்?

2022 அக்டோபர் 5-ம் தேதி இரவு. பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி பக்கத்தில், அஞ்சுமூர்த்திமங்கலத்தில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. மாணவர்கள் ஐந்து பேர், ஆசிரியர் ஒருவர், கொட்டாரக்கரையிலிருந்து கோவைக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பேருந்தின் பயணிகள் மூன்று பேர் என்று ஒன்பது உயிர்கள் போயின. அந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் யாரோ கைவைத்திருந்தார்கள்.

அடுத்து வந்த வாரங்களில் கேரளம் சுறுசுறுப்பானது. வண்ண விளக்குகள் கழற்றப்பட்டன, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகள் இறக்கப்பட்டன, சுற்றுலாப் பேருந்துக்கு வெள்ளை நிறம்தான் என்ற விதி கறாரானது. நல்லதுதான். ஆனால் அந்த டிரைவர் வேளாங்கண்ணிக்கு ஒரு டிரிப் போய்விட்டு வந்த கையோடு இந்த வண்டியை எடுத்தார், கிளம்பும்போதே களைத்துப்போய்த் தெரிந்தார் என்று பெற்றோர் சொன்னதும் அதே நாட்களில் செய்தியாக வந்தது. வண்டிக்கு வெள்ளையடித்த வேகத்தில் இந்தப் பேச்சு எங்கோ அமுங்கிப்போனது.

இது முதல் எச்சரிக்கையும் அல்ல. 2020 பிப்ரவரி 20-ம் தேதி விடியற்காலை, இதே நெடுஞ்சாலையில் வாளையாறு எல்லையைத் தாண்டித் தமிழகப் பக்கம், அவிநாசி அருகே, டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தில் 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் பேச்சு. கேரள மோட்டார் வாகனத் துறை ஆராய்ந்து பார்த்துவிட்டு, டிரைவர் கண் அயர்ந்துவிட்டார் என்றது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் சொருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டருக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

தூக்கமின்மை என்ன செய்யும் என்பதை 1997-லேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் அளந்து காட்டினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குத் தடுமாறின. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்கும் ஸ்டியரிங் பிடித்திருந்தால், ஒரு சொட்டுகூடக் குடிக்காமலேயே அவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டவர். 2024 ஏப்ரலில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பணிக்கு வருபவர்களை மூச்சுக் கருவியில் ஊதச் சொல்லி, குடித்திருந்தவர்களைப் பிடித்தது. 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலையெங்கும் கேமராக்கள் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்க்கின்றன. நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கும் கருவி எங்கேயும் இல்லை. அதை மனிதர்கள்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் பெரும்பாலும் டிரைவரை அனுப்பி வைத்த முதலாளி.

சட்டம் கேட்காமல் இல்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. ஆனால் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது எழுதப்பட்டது. ஒன்றோ இரண்டோ லாரி வைத்திருப்பவர், சொந்த ஜீப்பைத் தானே ஓட்டுபவர் எல்லாம் வெளியே. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சிறு வண்டிக்காரர் அப்போதும் வெளியே, இப்போதும் வெளியே. நம் தமிழக - கேரள எல்லைச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அவர்களுடையவைதான்.

தேனி மாவட்டம் போடிக்குப் போய்ப் பார்த்தால் இது புரியும். இருட்டு விலகாத நேரத்தில் ஊருக்குள் கமாண்டர் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டு, மேலே ஸ்வெட்டர், கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். மூன்று மணிக்கே எழுந்து சோறு பொங்கி, பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். சீட்டுக் கணக்கை எப்போதோ தாண்டியிருக்கும். "இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா" என்று டிரைவர் சொல்ல, மடியில் ஒருவர், பின்படியில் ஒருவர். போடிமெட்டு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத் தோட்டங்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், கூடலூரிலிருந்து குமுளிக்கும் இதே கதைதான். நேரத்துக்கு ஆளைக் கொண்டுபோய் இறக்கவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. ஆளைக் குறைத்து ஏற்றினால் டிரைவருக்கு டீசல் காசு மிஞ்சாது. சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வந்த பிறகு, சீசனாக இருந்தால் சுற்றுலாக்காரர்களையோ சாமிமார்களையோ ஏற்றிக்கொண்டு இன்னொரு டிரிப்.

இந்த ஏற்பாட்டின் விலை என்ன என்று வயநாடு காட்டியது. 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி மானந்தவாடி பக்கம் தலப்புழாவில், தேயிலைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்களின் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. இறந்த ஒன்பது பேரும் தோட்டத் தொழிலாளர்கள், ஒன்பது பேரும் பெண்கள். அவர்களுக்கு வேலைத்தலம் தோட்டத்து வாசலில் தொடங்கவில்லை. ஜீப்பில் கால் வைத்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. தோட்டக் கணக்குப் புத்தகத்தில்தான் அது வேறு மாதிரி இருக்கிறது.

தூக்கமும் களைப்பும் மனநலத்தோடு சேர்ந்தவை. ஆனால் வேலையிடத்து மனநலம் என்றதும் நமக்குக் கண்ணாடிக் கட்டடமும், கணினி முன்னால் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் இளைஞர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதே மனஅழுத்தத்துக்கு லாரியின் கேபினும் இருப்பிடம்தான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து அறிவித்தன. சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் லாரி ஓட்டுநர்களைக் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், களைப்போ தூக்கமோ இருந்தாலும் ஓட்டத்தான் செய்கிறோம் என்று ஏறக்குறைய பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். கடன் தவணை, நேரக் கெடு, வீட்டைவிட்டு வாரக்கணக்கில் பிரிவு, போகும் இடமெல்லாம் 'டேய் டிரைவர்' என்ற மரியாதை இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தக் களைப்பு. உயிர் போன ஒரு விபத்தைக் கண்ணெதிரே பார்த்த டிரைவரிடம், வழக்கு எண்ணைத் தவிர வேறெதையும் நாம் விசாரிப்பதில்லை.

எல்லாப் பழியும் களைப்புக்கே என்று சொல்லவும் கூடாது. 2024 டிசம்பர் 12-ம் தேதி பாலக்காடு - கோழிக்கோடு சாலையில் பனயம்பாடத்தில், பரீட்சை எழுதிவிட்டு நடந்துபோன எட்டாம் வகுப்புச் சிறுமிகள் நால்வர் மேல் சிமெண்ட் லாரி கவிழ்ந்தது. அந்த வளைவு மழையில் வழுக்கும், அடிக்கடி விபத்து நடக்கும் என்று ஊர்க்காரர்கள் முன்பே கதறியிருந்தார்கள். சாலையைப் போட்டவருக்கும் பங்கு உண்டு.

டிரைவரைத் தவிர மற்றவர்களுக்கும் இருக்கும் இந்தப் பங்கைத்தான் நாம் வலியுறுத்துகிறோம். வெளிநாடுகளில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும்; அதோடு, சரக்கு அனுப்புபவரும் சுற்றுலா ஏற்பாட்டாளரும் அந்த ஓய்வுக்கு இடம் விட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு விதி சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் லோடு ஏற்றியவர், நேரம் போட்டுக் கொடுத்தவர் வரை கூண்டில் ஏற்றலாம். இங்கே விபத்து நடந்தால் டிரைவர் கைதாகிறார், வண்டி உரிமையாளர் சில சமயம். விடிவதற்குள் எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி இறங்கணும் என்று போனில் சொன்ன வியாபாரி சாட்சிகூட இல்லை. ராத்திரியே கிளம்பினால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று திட்டம் போட்ட சுற்றுலாக் குழுவும் அப்படித்தான். அந்தக் குழுவில் நாமும் பலமுறை இருந்திருப்போம்.

ஜீப்பில் ஆளைக் குறை என்று போலீசை விட்டு அபராதம் போட்டால், மறுநாள் வேலை இழப்பவர் ஒரு கூலிக்காரப் பெண். அதனால் இரண்டாவது ஜீப்புக்கான வாடகையைத் தோட்ட உரிமையாளர்கள் ஏற்க வேண்டும். ஏலக்காய் ஏலம் நடக்கும் போடியிலும் புத்தடியிலும் விலை பேசும்போது, ஏற்றுக்கூலி, உலர்த்துக்கூலி போல ஆளைப் பத்திரமாகக் கொண்டுவரும் செலவும் கணக்கில் ஏறினால் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள். வாளையாறிலும் கோபாலபுரத்திலும் லாரிகளை நிறுத்திக் காகிதம் பார்க்கும் அரசு, பக்கத்தில் குளியலறையும் நாலு கட்டிலும் போட்ட ஓய்விடம் ஒன்றையும் வைக்கலாம். தொழிற்சங்கங்கள் பேட்டாவுக்கும் போனஸுக்கும் போராடும் அதே மேடையில் தூக்க நேரத்தையும் கோரிக்கையாக வைக்கலாம். 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இலவச மனநல ஆலோசனை தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. அந்த எண்ணை டீக்கடைச் சுவரிலும் ஜீப் ஸ்டாண்டிலும் எழுதிப்போட ஒரு வாளி பெயின்ட் போதும். டிரைவர் கூச்சப்படுவார் என்பது உண்மை. அந்த எண்ணைக் குடும்பத்தார் பார்த்தால் அவர்களே கூப்பிடட்டும்.

இரண்டு மாநிலம், இரண்டு போலீஸ், இரண்டு வாகனத் துறை, ஒத்துவராது என்பார்கள். ஒத்துவரும் என்பதற்குக் குமுளியிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவுக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும்போது, தேனியும் இடுக்கியும் முன்கூட்டியே கூட்டுக் கூட்டம் நடத்துகின்றன. ஜீப்புகளைச் சோதித்து அனுமதிச் சீட்டு ஒட்டுகிறார்கள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றாமல் வழியில் ஆள் நிறுத்திப் பார்க்கிறார்கள். அதே அதிகாரிகள், அதே ஜீப்புகள். ஒரு நாளுக்குச் செய்வதை ஏலக்காய் பறிப்புக் காலம் முழுவதற்கும் நீட்டிக்க, தோட்ட உரிமையாளர்களையும் ஜீப் ஓட்டுநர்களையும் தொழிலாளப் பெண்களில் நாலு பேரையும் அந்த மேசைக்கு அழைத்தால் போதும். பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும். கூட்டத்தை ஆனியிலேயே கூட்டிவிடலாம்.