நாய்க்கு வைத்த சோறு காட்டு விலங்குக்கு அழைப்பு!

இரவு 8 மணி. நீலகிரி மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். லைன் வீட்டில் சாப்பாடு முடிந்தது. மீந்த சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைகிறாள் வீட்டுக்காரி. தட்டில் போட்டு வாசலில் வைக்கிறாள். நாய் பாதியைத் தின்கிறது. மீதி அப்படியே கிடக்கிறது. கதவு சாத்தப்படுகிறது. விளக்கு அணைகிறது.

வீட்டுக்காரிக்கு வேலை முடிந்தது. காட்டு விலங்குக்கு இப்போதுதான் வேலை ஆரம்பம்!

"ஊருக்குள் கரடி", "தெருவில் சிறுத்தை" என்ற செய்தி இல்லாத மாதமே மலை ஊர்களில் இல்லை. காடு சுருங்கிவிட்டது, அதனால் வருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால், காட்டை விட்டு வந்த விலங்கு ஒரு வீட்டு வாசலுக்கு வருவானேன்? அங்கே அதற்கு ஏதோ கிடைக்கிறது. அதனால்தான் வருகிறது.

தீபாவளி அன்று நடந்தது

2023 நவம்பர் 12-ந் தேதி தீபாவளி. அன்று விடியும் முன்பு, குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. நாயைத் துரத்திக்கொண்டு வந்த சிறுத்தை அது. பிடிக்கப் போனவர்கள் மீது பாய்ந்தது. தீயணைப்பு வீரர்கள் உட்பட 6 பேர் காயம் அடைந்தார்கள். மறுநாள்தான் அது வீட்டை விட்டு வெளியேறியது.

அந்தச் சிறுத்தை மனிதரைத் தேடி வரவில்லை. நாயைத் தேடி வந்தது. ஆள்கள் சூழ்ந்துகொண்டதும் தப்பிக்க வழி தெரியாமல் பாய்ந்தது.

சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு ஆசையா? மராட்டிய மாநிலம் அகோலே வட்டாரத்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சிறுத்தையின் எச்சத்தைச் சோதித்து, அது எதைத் தின்றது என்று கணக்கிட்டார்கள். முடிவு 2014-ல் வெளியாயிற்று. சிறுத்தை தின்ற இரையில், எடைக் கணக்கில், நூற்றுக்கு 39 பங்கு நாய்!

யார் எதற்காக வருகிறார்கள்?

சிறுத்தைக்குச் சோறு வேண்டாம். சோற்றைத் தின்னும் நாய்தான் வேண்டும். வாசலில் தட்டு இருந்தால் தெரு நாய்களும் கூடும். நாய் கூடும் இடத்தைச் சிறுத்தை தெரிந்துகொள்ளும்.

கரடிக்குச் சோறே போதும். காட்டில் அது கறையான், எறும்பு, தேன், பழம் தின்று வாழ்கிறது. அதன் மூக்கு மிகக் கூர்மை. எண்ணெய், சர்க்கரை வாசனைக்குக் கோயில் கதவையும் கடைக் கதவையும் உடைத்திருக்கிறது. குழம்புச் சோறு திறந்து கிடந்தால் விடுமா?

காட்டுப்பன்றி, நரி, மரநாய், குரங்கு எல்லாமே மிச்சத்துக்கு வரும். எலியும் வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு தட்டுச் சோற்றுக்கு இத்தனை விருந்தாளிகள்!

நோயும் கூடவே வரும்

காட்டு விலங்கும் வீட்டு நாயும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் நோய் மாறும். நரிக்கும் கீரிக்கும் வெறிநோய் வருவது உண்டு. அவை நாயைக் கடித்தால் நாய்க்கு வரும். நாய் குழந்தையைக் கடித்தால் குழந்தைக்கு வரும். வெறிநோயால் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் உயிர் இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்கென்றே 1907-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதும் இதே குன்னூரில்தான்.

நாயிடமிருந்து காட்டுக்கும் நோய் போகும். 2018-ல் குஜராத் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் சிலவற்றின் உடலில், நாய்களைத் தாக்கும் "டிஸ்டெம்பர்" என்ற நோயின் கிருமி இருந்தது.

கூண்டு வைத்தால் தீராதா?

சிறுத்தை வந்தால் மக்கள் முதலில் கேட்பது கூண்டு. "பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடுங்கள்" என்கிறார்கள். குழந்தை விளையாடும் வாசலில் சிறுத்தையின் கால்தடத்தைப் பார்த்த தாய் வேறு என்ன கேட்பாள்?

ஆனால், மராட்டிய மாநிலத்தில் ஜுன்னர் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். நடந்தது என்ன? ஆண்டுக்குச் சராசரி 4 பேரைத் தாக்கிய சிறுத்தைகள், அதன்பின் 17 பேரைத் தாக்கின! பழக்கம் இல்லாத இடத்தில் விட்ட விலங்கு மிரண்டு திரிகிறது. ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வருகிறது. இரை அங்கேயே இருக்கிறதே!

சிலர் சோற்றில் விஷம் வைக்கிறார்கள். இது பெரும் குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறுத்தையையோ கரடியையோ கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அதோடு, விஷச் சோற்றைச் சொந்த நாயும் தின்னும். தவழும் குழந்தையும் எடுக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

நாய்க்குப் பகலில் சோறு வையுங்கள். சூரியன் மறைவதற்குள் கடைசி வேளை முடியட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தட்டைக் கழுவுங்கள். சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள்.

நாய்த் தீனி, கோழித் தீனி, மாட்டுப் புண்ணாக்கு எதுவும் திண்ணையில் இருக்கக் கூடாது. மூடியுள்ள தகர டின்னில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

இரவில் நாயை வாசலில் கட்டாதீர்கள். கட்டிய நாயால் ஓட முடியாது. "நாய் காவலுக்குத்தானே? உள்ளே விட்டால் காவல் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். கதவுக்கு உள்ளே இருந்தாலும் நாயின் காது கேட்கும்; மூக்கு அறியும்; அது குரைத்து எழுப்பும். வெளியே கட்டினால், ஒரு நாள் குரைக்கவே நாய் இராது! கம்பி வலைக் கூடு செய்ய வசதி இல்லாதவர்கள், சமையல் கட்டில் ஒரு மூலையில் சாக்கை விரித்தால் போதும்.

தெரு நாய்க்குச் சோறு போடுவது நல்ல மனம். அதையும் பகலில் போட்டு, மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். கறிக்கடைக் கழிவும் கல்யாண வீட்டு எச்சில் இலையும் தெருவில் குவியக் கூடாது. வீட்டை ஒட்டிய புதரை வெட்டிவிடுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி தவறாமல் போடுங்கள். கடி பட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

விலங்கைக் கண்டால் கூட்டம் கூட்டாதீர்கள். அது போக வழி விட்டு, வனத் துறைக்குச் சொல்லுங்கள்.

இதை ஒரு வீடு மட்டும் செய்து பயன் இல்லை. பத்து வீடு தட்டை எடுத்து, பதினோராவது வீடு வாசலில் வைத்தால், சிறுத்தை அந்தத் தெருவுக்கே வரும். தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

செலவு இல்லாத வேலையும்கூட. இன்று இரவு கதவைச் சாத்துமுன் வாசலை ஒரு தரம் பாருங்கள். தட்டு உள்ளே வந்துவிட்டதா? நாய் உள்ளே வந்துவிட்டதா? இரண்டும் வந்துவிட்டால், நிம்மதியாகத் தூங்கலாம்.