கல்லூரிக்குள் ஒரு மாளிகை: பழுது பார்ப்பது யார் பொறுப்பு?

புது தில்லி: ஹைதராபாதின் வடமேற்கில் குகட்பள்ளியில் உள்ள ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே மெட்ரோ ரயிலில் ஏறும் பயணி, தடம் மாறாமலேயே உஸ்மானியா மருத்துவக் கல்லூரி நிலையத்தில் இறங்கிவிடலாம். அதன் அருகில்தான் கோட்டி மகளிர் கல்லூரி இருக்கிறது. குகட்பள்ளியில் இருப்பது 1972-ல் உருவான பல்கலைக்கழகத்தின் கான்கிரீட் கட்டடங்கள். கோட்டியில் இருப்பது 200 ஆண்டுகளைக் கடந்த, செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய மாளிகை. முன்னதற்கு அவ்வப்போது வெள்ளையடித்தால் போதும். பின்னதில் ஒரு விரிசலை அடைப்பதற்கே தேர்ந்த கொத்தனாரும் பொறுமையும் வேண்டும். ஆனால், இரண்டையுமே "கல்விக் கட்டடம்" என்ற ஒரே தலைப்பில் பார்ப்பதுதான் அரசுகளின் வழக்கமாக இருந்து வருகிறது.

கோட்டி மாளிகை சாதாரணக் கட்டடம் அல்ல. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் துணைப்படை ஒப்பந்தம் செய்துகொண்ட நிஜாமின் அவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர் ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக். நிஜாம் அளித்த நிலத்தில் 1803-ல் அவர் தொடங்கிய கட்டுமானத்துக்கு வரைபடம் தந்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல். சென்னைக்கும் இந்த மாளிகைக்கும் உள்ள தொடர்பு அங்கிருந்தே தொடங்குகிறது. பணி முழுமை பெறுவதைக் காணாமல் 1805-ல் கல்கத்தாவில் கிர்க்பாட்ரிக் காலமானார். அவர் மணந்த கைருன்னிஸா, கோஷா முறை காரணமாக மாளிகையின் முகப்பைக் காண இயலாததால், அவருக்காகத் தோட்டத்தில் அதன் சிறு மாதிரி ஒன்று கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1857 ஜூலை 17-ம் தேதி துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் படை திரட்டி வந்து தாக்கியதும் இந்த ரெசிடென்சியைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல், மாளிகை மகளிர் கல்லூரியின் வசம் வந்தது. ஆங்கிலேய ரெசிடென்ட் தர்பார் நடத்திய இடத்தில் ஹைதராபாத் பெண்கள் பட்டப்படிப்புப் படித்தனர். வரலாற்றுச் சின்னத்துக்கு இதைவிட நல்ல பயன்பாடு இருக்க முடியாது. ஆனால், கல்லூரியின் வருமானமோ ஆசிரியர் சம்பளத்துக்கும் ஆய்வகத்துக்கும் உரியது. ஓவியம் தீட்டிய காகிதக்கூழ் விதானத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் காக்க அதில் ஏது இடம்? கூரை ஒழுகியது, சுவரில் செடிகள் வேரூன்றின. 2001-ல் நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச் சின்னங்கள் நிதியம், ஆபத்தில் உள்ள உலகின் நினைவுச் சின்னங்கள் பட்டியலில் இந்த மாளிகையைச் சேர்த்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அதன் பின்னரும் சீரமைப்பு முடிந்து மாளிகை திறக்கப்பட 2023 ஆகிவிட்டது.

இருபதாண்டுகளுக்கு மேல் பிடித்த இந்தத் தாமதத்தைப் பணப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பொறுப்பு யாருடையது என்பதே தெளிவில்லை. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட சின்னங்கள் மட்டுமே மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ளவை சுமார் 3,700. மற்றவை அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் அடங்கும். கல்லூரி வளாகக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

மாநிலங்களின் அக்கறையோ ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. ஹைதராபாதில் 1981-ல் கொண்டுவரப்பட்ட 13-வது விதி, நாட்டிலேயே முன்னோடியான பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. அதை 2015-ல் தெலங்கானா அரசு ரத்து செய்தது. 2017-ல் புதிய பாரம்பரியச் சட்டம் வந்தது. ஆனால், அதே அரசு இரண்டே ஆண்டுகளில் இர்ரம் மன்ஸிலை இடித்துவிட்டுச் சட்டப்பேரவை கட்ட முடிவெடுத்தது. 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய வேண்டியிருந்தது. சட்டம் இயற்றிய கையே கடப்பாரையையும் எடுத்தால், கல்லூரி முதல்வர் ஒருவர் யாரிடம் முறையிடுவார்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. நூறாண்டு கண்ட கல்லூரிகளுக்குப் பாரம்பரியத் தகுதி அளித்து நிதி உதவி வழங்க அது முன்வந்தது. முதலில் தேர்வான கல்லூரிகளில் திருச்சி புனித வளனார் கல்லூரியும் ஒன்று. ஆனால், அத்திட்டம் கணக்கில் கொண்டது நிறுவனத்தின் வயதை. கட்டடத்தின் வயதை அல்ல. கோட்டி கல்லூரி தொடங்கப்பட்டது 1924-ல். எனவே, 2015-ல் அத்திட்டத்துக்கான தேர்வு நடந்தபோது, இருநூறாண்டு மாளிகையில் இயங்கிய கல்லூரிக்கு "வயது போதவில்லை".

தமிழகம் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. 2003-ல் சென்னை ராணி மேரி கல்லூரியை அகற்றிவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு முற்பட்டபோது, மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியேற மறுத்தனர். ஆதரவு தெரிவிக்கச் சென்ற மு.க. ஸ்டாலின் கைதானார், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால், 1914-ல் அக்கல்லூரி பிறந்த கேப்பர் இல்லம் இன்று இல்லை. போராட்டம் காப்பாற்றியது வளாகத்தை மட்டுமே. சிஸம் வடிவமைத்து 1879-ல் நிறைவுற்ற சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபமோ, சீரமைக்கப்பட்ட பிறகும் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. தமிழகத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறி, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் உறங்கியது.

பழைய கட்டடத்தைப் பெரும்பாலும் கொல்வது இடிப்பு இயந்திரம் அல்ல; சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். பூசியவரோ பழுது பார்த்ததாகவே கணக்கு எழுதுவார். ஆண்டுதோறும் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்யவும், அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கவும் ஆகும் செலவு சொற்பம். ஆனால், அந்தச் சொற்பத் தொகைக்குத் திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆகவே நிதிநிலை அறிக்கையில் அதற்கு இடமும் இல்லை.

கோட்டி கல்லூரி 2022-ல் மகளிர் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. தெலங்கானா விவசாயிகள் ஆயுதப் போராட்டத்தின் வீராங்கனை சாகலி ஐலம்மாவின் பெயரை அதற்குச் சூட்டுவதாக 2024-ல் முதல்வர் ரேவந்த் ரெட்டி அறிவித்தார். புதிய பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறைகள் வேண்டும், விடுதிகள் வேண்டும். அவற்றை மாளிகையின் அஸ்திவாரத்துக்கும் வடிகாலுக்கும் ஊறு நேராத தொலைவில் எழுப்புவதா, மாளிகையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு மாணவிகளை வெளியே நிறுத்துவதா என்பதை மாநில அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பாக, அடுத்த பருவமழைக்குள் கூரையின் மீது ஏறிப் பார்க்க ஒரு பொறியாளரையும், அவர் கேட்கும் சுண்ணாம்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையையும் ஒதுக்குவது அவசரம்.